பத்து விநாடிக்குள் பதில்

படபடக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று ஆபீசில் யாருக்கும் நினைவில்லை. வைத்த ஆள் வேலையை விட்டுப் போயிருக்க வேண்டும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நீங்கள் "இன்னைக்கு மத்தியானம்..." என்று ஆரம்பித்தால் போதும், "மூணு மணிக்கு மீட்டிங், தெரியும்" என்று முடித்துவிடுவாள். "அக்கா, அந்த ஃபைல்..." என்றால், "அனுப்பிட்டேன்." நீங்கள் கேட்க வந்தது வேறு ஃபைலாக இருக்கும். அதைச் சொல்வதற்குள் அக்கா அடுத்த அறைக்குப் போயிருப்பாள். பத்தில் எட்டு முறை அவள் சொல்வது சரியாகவே இருந்துவிடும், அதுதான் கஷ்டம். எட்டு சரியாக இருப்பதால் மீதி இரண்டுக்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை.

சின்ன வயதில் அவளுடைய அம்மா அவளை முந்திரிக்கொட்டை என்றுதான் திட்டுவார். வகுப்பில் டீச்சர் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே கையைத் தூக்கி, தப்பான கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டு உட்காருகிற பெண். இப்போது வயது நாற்பத்தாறு. முந்துகிற வேகம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அதன் பிறகு முடிக்கிற மனிதர். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வீட்டில் முழுசாக முடித்த வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "என்ன குடிக்கிறீங்க, டீதானே, சர்க்கரை கம்மியா, சரி" என்று கேள்வியையும் பதிலையும் அக்காவே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள்.

ஒரு நாள் அவர் பொறுக்க மாட்டாமல் சொன்னார். "நமக்குள்ள சண்டையே வர்றதில்லன்னு எல்லாரும் ஆச்சரியப்படுறாங்க. சண்டை வரணும்னா நானும் பேசணும்ல?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவர் அடுத்து சொல்ல இருந்ததையும் அவளே சொல்லிவிட்டாள்.

வேலையிலும் அதே வேகம்தான். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், ஐந்து மேஜையும் ஒரு ஜன்னலும் உள்ள ஆபீஸ். அவர்கள் செய்து தருவது கேள்வி கேட்கிற வீடியோ. ஒரு கடையின் வெப்சைட்டுக்குள் போனால் வீடியோ ஓடும், ஓரிடத்தில் நிற்கும், உங்களிடம் ஏதாவது கேட்கும். நீங்கள் எந்தப் பட்டனை அழுத்துகிறீர்களோ அதற்கு ஏற்ற மாதிரி அடுத்த காட்சி வரும். ஒவ்வொரு கடைக்கும் இதை முதலிலிருந்து செய்து மாளாது. அதனால் இட்லித் தட்டு போல ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்துக்கொள்வார்கள். கட்டங்கள் தயாராக இருக்கும், கேள்வியையும் பதிலையும் படத்தையும் அதில் ஊற்ற வேண்டியதுதான்.

ஆபீசில் இருந்த டெம்ப்ளேட்டுகளிலேயே நன்றாக ஓடியது அக்கா ஒரு செருப்புக் கடைக்காகச் செய்தது. "ஓடுறதுக்கா, நடக்குறதுக்கா, ஆபீஸ் போறதுக்கா?" என்று அது கேட்கும். அதில் அக்காவே யோசித்துச் சேர்த்த ஒரு வித்தை இருந்தது. பார்க்கிறவர் பத்து விநாடி ஒன்றும் அழுத்தாமல் இருந்தால், முதல் கட்டத்தில் இருக்கும் பதிலை வீடியோவே எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். நின்று யோசிக்கிறவர் கடையை விட்டே போய்விடுவார் என்பது அக்காவின் கணக்கு. செருப்புக் கடைக்காரருக்கு ரொம்ப சந்தோஷம். எதிர் மேஜையில் படம் வரைகிற தாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது டெம்ப்ளேட் இல்ல, சாட்சாத் நீங்கதான்" என்றார். அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சி மையத்திலிருந்து வேலை வந்தபோது அந்த டெம்ப்ளேட்டைத்தான் பிரதி எடுத்தாள். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற சின்ன இடம் அது. ஒரே ஒரு பேச்சு டாக்டர், காத்திருப்போர் பட்டியலில் பதினாலு பேர். வாரத்தில் இரண்டு நாள்தான் ஒருவரைப் பார்க்க முடிகிறது, மற்ற நாட்களில் அவர்கள் வீட்டிலேயே பழக வேண்டும் என்று அந்த டாக்டரம்மா கேட்டிருந்தார். ஒருவர் மழையில் வாசலில் நிற்கிறார். வீடியோ நிற்கிறது. இவருக்கு என்ன வேணும்? குடை, சீப்பு, சாவி, மூன்று படங்கள். சரியாக அழுத்தினால் கை தட்டும் சத்தம். இப்படி இருபது கேள்வி.

படங்கள் ஒவ்வொரு முறையும் திரையில் இடம் மாறி வருகிற மாதிரி செய்தாள். ஆனால் உள்ளே டெம்ப்ளேட்டின் கட்டங்களை நிரப்பும்போது, கைப்பழக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் சரியான விடையையே முதல் கட்டத்தில் போட்டாள். பிறகு அவளும் தாடிக்காரரும் சோதித்துப் பார்த்தார்கள். படபடவென்று அழுத்தினார்கள். இருபது கேள்வியும் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தன. தப்பாகவும் அழுத்திப் பார்த்தார்கள், அதுவும் சரியாக வந்தது. குடைக்கும் சாவிக்கும் நடுவில் பத்து விநாடி நின்று யோசிக்கிற ஆள் அந்த ஆபீசில் யாரும் இல்லை.

ஆறு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் பேச்சு டாக்டர் போன் செய்தார். டேப்லெட்டில் படங்கள் தாமதமாக வருகின்றனவாம்.

"படம் பெருசா இருக்கும், சின்னதாக்கிடுறேன், பத்து நிமிஷம்" என்றாள் அக்கா.

"அப்புறம் இன்னொண்ணு..."

"கை தட்டுற சத்தம் ஜாஸ்தியா இருக்கா? குறைச்சுடுறேன்."

"இல்லம்மா, சந்தோஷமான விஷயம்" என்று டாக்டர் சிரித்தார். அவரிடம் பயிற்சிக்கு வருகிற ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம். வலது கை முழுசாக வரவில்லை, பேச்சு அறவே போய்விட்டது. "இங்க வந்தா தலையைக் குனிஞ்சு உட்கார்ந்துடுவாரு, என்கிட்ட ஒண்ணும் சரியா வராது. ஆனா வீட்டுல உங்க வீடியோவுல நாப்பது நாளா இருபதுக்கு இருபது. ஆஸ்பத்திரின்னாலே பயப்படுற ஆளுங்க இருப்பாங்க, இவரும் அப்படித்தான் போல. இவ்வளவு தேறினவரை வச்சுக்கிட்டு, வெளியில காத்திருக்கிறவங்களை விடலாமா? திங்கக்கிழமைலேருந்து அவரோட நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனை வைத்ததும் தாடிக்காரரிடம் சொன்னாள், டீ கொண்டுவந்தவரிடம் சொன்னாள், கணவருக்கும் போன் போட்டுச் சொன்னாள். பிறகு படங்களைச் சின்னதாக்கினாள். இப்போது சீக்கிரம் வருகிறதா என்று பார்ப்பதற்காக, யார் யார் எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரத்தில் பதில் சொன்னார்கள் என்ற பதிவைத் திறந்தாள்.

மற்றவர்களுடைய நேரங்கள் தாறுமாறாக இருந்தன. நாலு, ஏழு, மூணு, அங்கங்கே ஒரு பத்து. கிரேன்காரருடைய வரிசை மட்டும் ஒரே சீராக இருந்தது. பத்து. பத்து. பத்து. அக்கா கீழே இழுத்தாள். இன்னும் இழுத்தாள். நாப்பது நாள், எண்ணூறு பதில், எண்ணூறும் சரி, எண்ணூறும் மிகச் சரியாகப் பத்தாவது விநாடியில்.

மனுஷனுடைய விரல் எண்ணூறு தடவை ஒரே விநாடியில் அழுத்தாது. டெம்ப்ளேட்டின் அடியில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் அந்த செட்டிங் அப்படியே இருந்தது. பதில் வராவிட்டால் முதல் பதிலை எடுத்துக்கொள். காத்திருக்கும் நேரம் பத்து விநாடி. செருப்புக் கடைக்கு வைத்ததை எடுக்கவே இல்லை. அந்த மனிதர் நாப்பது நாளும் ஒரு பட்டனைக்கூட அழுத்தியிருக்கவில்லை.

அக்கா எழுந்து சாரிடம் போனாள். சார் என்றால் ஆபீஸ் முதலாளி, நல்ல மனிதர், வம்பு என்றால் நாலு தெரு தள்ளிப் போகிறவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"செட்டிங்கை மாத்திடுங்களேன். இனிமே சரியா வரும்ல? எதுக்கு நாமளே போய்த் தலையைக் குடுக்கணும்?"

"மாத்தியாச்சு சார். ஆனா நாளைக்கே இருபதுக்கு இருபது எடுத்தவர் பூஜ்யம் எடுப்பாரு. ஏன்னு யாருக்கும் புரியாது. திங்கக்கிழமைக்கு மேல அவரைப் பார்க்கிறதுக்கு அங்க டாக்டரே இருக்க மாட்டாங்க. பதினாலு பேருக்குப் பின்னாடி மறுபடி வரிசையில நிக்கணும். என்னால, சார். நான் வச்ச செட்டிங்னால."

சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா பையை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கியிருந்தாள். அவர் சொல்ல வந்தது "இருங்க, நானும் வர்றேன்" என்பதுதான்.

பேச்சு டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நின்றுகொண்டே கேட்டார். அக்கா மூச்சு விடாமல் சொன்னாள். செருப்புக் கடை, முதல் கட்டம், பத்து விநாடி, எண்ணூறு பதில், எல்லாம். டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"அப்போ நாப்பது நாளா அவர்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

அக்காவுக்கு அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

"என் மேலயும் தப்பு இருக்கு" என்றார் டாக்டர் கடைசியில். "கண்ணு முன்னால உட்கார்ந்திருந்த மனுஷனை விட்டுட்டு ஸ்கிரீனை நம்பிட்டேன். அவங்க வீட்டுல சொல்லணுமே. அவரோட சம்சாரம் அவர் தேறிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

சனிக்கிழமை காலை இருவரும் போனார்கள். கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் தைத்து முடித்த பள்ளிச் சட்டைகள் அடுக்கடுக்காக. கிரேன்காரரின் மனைவி துணி தைக்கிறவர். உள்ளறையில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். தோள்கள் கதவு அகலம். வலது கை மடியில் கிடந்தது. முன்னால் ஒரு ஸ்டூலில் டேப்லெட்.

"வாங்க வாங்க" என்று அந்த அம்மா இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார். "இவங்கதான் அந்த வீடியோ செஞ்சவங்களா? நல்லா இருப்பீங்கம்மா. நான் பாட்டுக்கு அங்க மெஷின்ல இருப்பேன், உள்ள கை தட்டுற சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும். ஒண்ணுதான், முடிச்சதும் டேப்லெட்டைக் கவுத்துப் போட்டுட்டு முறைப்பாரு. ரொம்ப சுலபமா இருக்குன்னு அலுப்பு போல."

அக்கா கிரேன்காரரைப் பார்த்தாள். அவர் அக்காவை முறைத்துக்கொண்டிருந்தார். அலுப்பு மாதிரி தெரியவில்லை.

அங்கே டாக்டர்தான் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் நாற்காலியில் உட்காரும் முன்பே அக்கா சொல்லிவிட்டாள். இந்த முறை படபடவென்று வரவில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. அந்தக் கை தட்டல் உங்கள் வீட்டுக்காரருக்கு இல்லை என்று சொல்லும்போது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அந்த அம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக் கையில் சுற்றினார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, உங்களுக்கு இது தெரியுமா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"நாப்பது நாளாத் தெரியுமா?"

இடது கையால் நாற்காலிக் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். ஸ்டூலில் இருந்த டேப்லெட் ஆடியது. தினமும் யோசித்திருக்கிறார். யோசித்து முடித்து இடது கையைத் தூக்குவதற்குள் வேறு யாரோ பதில் சொல்லி, வேறு யாருக்கோ கை தட்டியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் மனைவி சந்தோஷப்பட்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை.

"நான் அலுப்புன்னுல்ல நினைச்சேன்" என்றார் அந்த அம்மா. குரல் உடைந்தது. அந்த உடைசலோடு அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா அவருக்காகப் பதில் சொல்றதுக்கு?"

"தப்புதாம்மா. என் தப்பு" என்றாள் அக்கா.

டாக்டர்தான் எழுந்து டேப்லெட்டை நிமிர்த்தினார். "இப்ப மாத்திட்டாங்க. இனிமே நீங்க அழுத்துற வரைக்கும் அது நிக்கும். எவ்வளவு நேரம் வேணும்னாலும். பார்க்கலாமா?"

கிரேன்காரர் வெகுநேரம் டாக்டரைப் பார்த்தார். நம்பிக்கை போன மனிதருடைய பார்வை அது. பிறகு தலையசைத்தார்.

மழையில் ஒருவர் வாசலில் நின்றார். வீடியோ நின்றது. சாவி, குடை, சீப்பு.

பத்து விநாடி போனது. கிரேன்காரர் உடம்பை இறுக்கிக்கொண்டார், இதோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பது போல. ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தபடியே இருந்தது. இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. முன்னால் குனிந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஒரு நிமிஷம் ஆனது. முன்னறையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. குடை, குடை, குடை என்று அக்காவின் உதடு தானாக அசையப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல் நீண்டுவிடுமோ என்ற பயத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நிமிஷம். பிரசவ வலிகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. மூன்று நிமிஷம் தாண்டியபோது இடது கை எழுந்தது. சீப்பின் மேல் போய் நின்றது. விலகியது. காற்றிலேயே தயங்கியது. கடைசியில் விரல் இறங்கி அழுத்தியது.

சாவியை.

"இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டது வீடியோ.

"தப்பு!" என்று கத்தினார் அந்த அம்மா. "தப்புங்க! தப்பாச் சொல்லிட்டீங்க!" அழுகையும் சிரிப்புமாக அவருடைய அந்த இடது கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து கரகரவென்று வந்த சிரிப்பு. ஒரு தப்பான பதிலுக்கு ஒரு வீடு இவ்வளவு சந்தோஷப்பட்டு அக்கா பார்த்ததில்லை. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் நோட்டை எடுத்து எழுதினார். "வாசல்ல நிக்கிறாருன்னதும் சாவி தோணியிருக்கு. யோசிச்சுத்தான் தப்பு பண்ணியிருக்காரு, நல்ல தப்பு. திங்கக்கிழமை இதுலேருந்து ஆரம்பிக்கலாம்."

"திங்கக்கிழமை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டதாச் சொன்னீங்களே?" என்றார் அந்த அம்மா பயத்தோடு.

"அவரைக் காலைல ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொல்றேன். நானும் முன்னாடியே வந்துடுறேன். இவரோட நேரம் இவருக்குத்தான்."

அந்த அம்மா எழுந்து எல்லாருக்கும் டீ போடப் போனார். போகிற போக்கில் அக்காவின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

கிளம்பும்போது அக்கா கிரேன்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அவர் இடது கையைத் தூக்கி நில் என்று காட்டினார். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டும். வாய் திறந்தது, மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"நா..." என்றார்.

அக்காவின் நாக்கு நுனியில் நாலு சொல் வந்து வரிசையாக நின்றுவிட்டது. நாப்பது நாள் என்கிறாரா? நாளைக்கு? நாசமாப் போ என்கிறாரோ? அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அந்த அம்மா டீக் கோப்பைகளோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை.

"நா..." என்றார் மறுபடி. டேப்லெட்டைக் காட்டினார். பிறகு அந்தக் கையைத் திருப்பித் தன் நெஞ்சின் மேல் வைத்தார்.

"நான்."

நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் சொல் அது.

"ஆமாங்க" என்றார் அவர் மனைவி. "நீங்கதான்."